லாமின் கரும்பங்காடு: வாசகர் கேள்வி – பதில்

கியூபா ஓவியர் விஃப்ரெடோ லாம் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை ஒன்றும், அவருடைய ‘காடு’ ஓவியத்தின் சிறிய அச்சும் வெளிவந்தன. அதற்கு வந்த கடிதங்களில் இருந்து தெரிந்தெடுத்தவை கீழே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ‘காடு’ என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கை, கால், இலை எல்லாம் கலந்து கிடப்பதுதான் தெரிகிறது. ஒரு மிருகம்கூட இல்லை. உயர்தரத்தில் சித்திரம் எடுக்கிறேன். இந்தப் படத்தை எங்கே தொடங்கிப் பார்ப்பது? (மாணவி, தெஹிவளை)

பாதங்களில் தொடங்குங்கள், மகள். படத்தின் அடியில் அளவுக்கு மீறிப் பெரிய பாதங்கள் வரிசையாக ஊன்றியிருக்கின்றன. ஒவ்வொரு பாதத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே கொண்டுபோங்கள். கால், தொடை, பிட்டம், மார்பு என்று ஏறி ஒரு முகத்தில் போய் நிற்பீர்கள். இப்படி நாலு தடவை ஏறினால் நாலு உருவங்கள் பிரிந்து வரும். முகங்கள் மனித முகங்களாக இல்லை. பிறை போலவும் முகமூடி போலவும் இருக்கின்றன, இடது பக்கத்து உருவத்தில் குதிரைச் சாயல் தெரிகிறது. வலது மேல் மூலையில் ஒரு கை கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. சின்ன அச்சில் அதையும் ஓர் இலை என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். ஆனால் படத்தில் உள்ள ஒரே இரும்புப் பொருள் அதுதான்.

இனி உருவங்களுக்கு இடையில் செங்குத்தாக நிற்கும் தண்டுகளைப் பாருங்கள். கணுக்கணுவாக இருக்கின்றன. அது கரும்பு. கரும்பு காட்டில் தானாக முளைக்கிற மரமா? ஆள் வைத்து நட்டு, ஆள் வைத்து வெட்டி, ஆலைக்கு அனுப்புகிற தோட்டப் பயிர். லாம் 1902 டிசம்பர் 8ஆம் திகதி பிறந்த சாகுவா லா கிராந்தே, கியூபாவின் சீனி விளையும் பிரதேசத்து ஊர். அந்த நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1886இல்தான். அதாவது அவர் பிறப்பதற்கு 16 வருடங்களுக்கு முன். 1847க்கும் 1874க்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அதே தோட்டங்களுக்கு இறக்கப்பட்டார்கள். இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு பார்த்தால், உடல்களும் கரும்பும் ஏன் ஒன்றோடொன்று பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன என்று விளங்கும். தேயிலை மலையைப் பச்சைக் காட்சியாகப் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவருக்கும், அதே மலையில் கொழுந்துக் கூடையோடு நின்றவரின் பேத்திக்கும் கண்ணில் படுவது ஒன்றல்லவே. லாம் அந்தப் பேத்தியின் இடத்தில் நின்று வரைந்திருக்கிறார் என்பது எங்கள் வாசிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் அடிவானம் இல்லை. உள்ளே போக ஒரு பாதை இல்லை. எல்லாமே முன்னுக்கு நெருக்கித் தள்ளப்பட்டிருக்கிறது, பார்க்கிறவர் கால் வைக்க இடமில்லை. இது தற்செயலான குழப்பம் அல்ல. நிலக்காட்சி ஓவியம் பார்ப்பவருக்கு வழக்கமாகக் கொடுக்கிற சௌகரியத்தை லாம் வேண்டுமென்றே எடுத்துவிட்டார்.

அளவு தெரியாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டாம். 239.4 சென்ரிமீற்றர் உயரம், 229.9 சென்ரிமீற்றர் அகலம். வீட்டுச் சுவரில் ஏறத்தாழ 8 அடிக்கு ஏழரை அடி அளந்து, நூலைக் கட்டி, முன்னால் நின்று பாருங்கள். உருவங்கள் உங்களைவிட உயரம். எங்கள் இதழில் உள்ளங்கை அளவில் அச்சானபோது அது ஓர் அலங்காரத் துணி மாதிரித் தெரிந்ததற்குக் காரணம் அச்சு, ஓவியர் அல்ல.

பரீட்சைக்கு எழுதும்போது பல மாணவர்கள் முதல் வரியிலேயே ‘மீயதார்த்தவாதம்’ (சர்ரியலிசம், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் வரையும் கலை இயக்கம்) என்று போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு படத்தைப் பார்ப்பதே இல்லை. முதலில் ஊடகம், அளவு, நிறங்கள், உருவங்கள் நிற்கும் முறை. பிறகு கரும்பு, கத்தரிக்கோல், முகமூடி. கடைசியாக இயக்கத்தின் பெயர். இந்த ஒழுங்கில் எழுதினால் ஒவ்வொரு கருத்துக்கும் படத்தில் இருந்தே ஆதாரம் காட்டலாம்.

கேள்வி: லாம் பிக்காசோவின் சீடர்தானே? பிக்காசோவின் முகமூடி முகங்களைக் கியூபாவுக்குக் கொண்டுபோய் நட்டார் என்பதைவிட அவரிடம் வேறு என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை)

ஐயா, இந்தக் கேள்வியை ஐரோப்பிய விமர்சகர்களும் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் அவருடைய வாழ்க்கையின் ஒழுங்கில் இருக்கிறது, ஆகவே வருடங்களோடு சொல்கிறோம்.

தகப்பன் என்ரிக்கே லாம் யாம், கன்ரனில் இருந்து வந்த சீனர். கடை வைத்திருந்தார், ஊர்ச் சீனர்களுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். மகன் பிறந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தாய் அனா செராபினா, ஆபிரிக்க, ஸ்பானிய வழி வந்தவர். ஞானத்தாய் மந்தோனிக்கா வில்சன், ஆபிரிக்கத் தெய்வங்களையும் கத்தோலிக்கப் புனிதர்களையும் இணைத்த சாந்தெரியா என்ற கியூபா வழிபாட்டில் பேர்போன பூசாரி, வைத்தியர். இவ்வளவும் பிக்காசோவின் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த சொத்து.

1916இல் ஹவானாவுக்குப் போனார். வீட்டார் நினைத்தது சட்டப் படிப்பு, அவர் போய்ச் சேர்ந்தது சான் அலெஹாந்திரோ கலைக்கல்லூரி. 1923இல் சொந்த ஊர் மாநகரசபை கொடுத்த உதவித்தொகையில் மட்ரிட். அங்கே அவருக்குக் கற்பித்தவர், பிராதோ நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த அல்வாரெஸ் தெ சோத்தோமயோர். ஸ்பானிய ஓவியர் சல்வடோர் தாலிக்கும் அவரே ஆசிரியர். ஸ்பெயினில் லாம் 14 வருடங்களுக்கு மேல் இருந்தார், அதை அநேகமானோர் மறந்துவிடுகிறார்கள். 1931இல் மனைவி எவாவும் கைக்குழந்தையும் காசநோயில் இறந்துபோனார்கள். 1936இல் உள்நாட்டுப் போர் வந்ததும் குடியரசுப் பக்கம் சேர்ந்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் இரசாயனங்களோடு வேலை செய்ததில் உடம்பு கெட்டு வைத்தியசாலையில் கிடந்தார். அங்கே சந்தித்த சிற்பி மனோலோ ஹூகே எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடுதான் 1938இல் பாரிஸில் பிக்காசோவின் வாசலில் போய் நின்றார். அப்போது வயது 35. முறையான பயிற்சி, ஒரு போர், இரண்டு மரணங்கள் எல்லாம் பின்னால் இருந்தன. அந்த வயதில் வருகிறவரைச் சீடப்பிள்ளை என்று சொல்வது பொருந்தாது.

பிக்காசோ செய்தது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆட்களை அறிமுகப்படுத்தினார், ஆபிரிக்கச் சிற்பங்களைக் காட்ட எழுத்தாளரும் மானுடவியலாளருமான மிஷெல் லெரிஸிடம் ஒப்படைத்தார், 1939இல் பியர் லோப் காட்சிக்கூடத்தில் கண்காட்சி வைக்க வழி பிறந்தது. ஆனால் 1938, 1939 படங்களையும் 1943 படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரிஸ் படங்களில் ஓர் உருவம் அல்லது இரண்டு, கனத்த வெளிக்கோடு, தட்டையான நிறம், வெறும் பின்னணி. கியூபாப் படங்களில் பின்னணியே இல்லை. உடலும் செடியும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. பிக்காசோவிடம் முகமூடி ஒரு வடிவம். லாமிடம் அது ஒரு வீட்டு நினைவு.

நடுவில் நடந்தது இது. 1940இல் ஜேர்மன் படைகள் வர, பாரிஸை விட்டு மார்செய்க்கு ஓடினார். அங்கே மீயதார்த்தவாதக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோனின் நீள்கவிதைக்குப் படம் வரைந்தார். 1941 மார்ச்சில் ‘கப்பித்தேன் போல் லெமெர்ல்’ என்ற கப்பலில் ஏறினார். பிரெதோனும் மானுடவியலாளர் லெவி ஸ்ட்ரோஸும் அதே கப்பலில். மார்த்தினிக் தீவில் இறக்கித் தடுத்து வைத்தார்கள். அங்கே கவிஞர் எய்மே செசேரைச் சந்தித்தார். அந்தக் கோடையில் கியூபா வந்து சேர்ந்தபோது, 18 வருடங்களுக்கு முன் விட்டுப்போன அதே வறுமை கறுப்பின மக்கள் மேல் அப்படியே இருந்தது. அவர்களுடைய வழிபாடு சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கையாக மாறிக்கொண்டிருந்தது. தன் படங்களை, வீரர்களை வயிற்றில் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோய் நகரத்துக் குதிரையோடு ஒப்பிட்டுப் பின்னாளில் அவர் பேசியதை இந்தப் பின்னணியில்தான் எடுக்க வேண்டும். ஐரோப்பா ரசிக்கிற வடிவத்துக்குள் ஐரோப்பா பார்க்க விரும்பாத ஆட்களை வைத்து அனுப்பினார்.

ஆகவே, கடன் வாங்கினாரா என்றால் வாங்கினார். பிக்காசோ ஆபிரிக்காவிடம் வாங்கியதை, ஆபிரிக்க இரத்தம் உள்ளவர் திருப்பி எடுத்தார் என்று சொல்வதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: ‘காடு’ இப்போது எங்கே இருக்கிறது? (வாசகர், வத்தளை)

நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில். 1944இல் அதே நகரத்தில் பியர் மத்தீஸ் காட்சிக்கூடத்தில் காட்டப்பட்டது, 1945இல் நூதனசாலை வாங்கியது. வாங்கியும் பல காலம் முக்கிய மண்டபத்தில் வைக்காமல், நுழைவாயிலில் மேலங்கிகளைக் கழற்றி வைக்கும் அறைக்குப் போகிற வழியில் மாட்டியிருந்தார்கள். கவிஞர் ஜோன் யாவ் 1988இல் அதைக் கண்டித்து எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 2025 நவம்பரில் அதே நூதனசாலை லாமுக்கு முழு வாழ்நாள் கண்காட்சி ஒன்றைத் திறந்தது.

கேள்வி: அந்தப் படம் கடதாசியில் வரையப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். நானும் பிறவுண் பேப்பரில் பெரிதாக ஒரு பயிற்சிப் படம் வரைந்தேன். காய்ந்ததும் அலை அலையாக மடிந்து, இரண்டு இடத்தில் வர்ணம் பொருக்காக உதிர்ந்துவிட்டது. எங்கே பிழை? (ஓவியர், கொட்டாஞ்சேனை)

மூன்று இடத்தில் பிழை நடந்திருக்கலாம்: கடதாசியை ஒட்டிய முறை, அல்லது ஒட்டாமல் விட்டது, வர்ணத்தின் தடிப்பு. முழு வேலையையும் முதலில் இருந்து சொல்லிவிடுகிறோம்.

லாமின் படம் கடதாசியில் வரைந்து பிறகு கன்வஸில் ஒட்டப்பட்டது. ஊடகம் கூவாஷ் (தண்ணீரில் கரைத்துப் பூசும், ஒளி ஊடுருவாத வர்ணம்) என்றே பழைய நூல்கள் எல்லாம் சொல்கின்றன. நூதனசாலை இப்போது எண்ணெய் வர்ணமும் கரியும் என்று பட்டியலில் போட்டிருக்கிறது. கூவாஷ் என்று நம்பும்படி அவ்வளவு மெல்லியதாக எண்ணெய் வர்ணத்தைக் கரைத்துப் பூசியிருக்கிறார் என்பதே உங்களுக்கு வேண்டிய பாடம். நீங்கள் நீர்வர்ணத்தில் செய்வதால் ஒழுங்கை மாற்ற வேண்டும். முதலில் ஒட்டுங்கள், பிறகு வரையுங்கள். வரைந்த பிறகு ஒட்டினால் பசையின் ஈரம் கூவாஷைக் கரைத்துவிடும்.

பாதி அளவில் செய்யலாம். 120 சென்ரிமீற்றர் உயரம், 115 அகலம். 8க்கு 4 அடிப் பிளைவுட் ஒன்றை நடுவில் வெட்டினால் 4 அடிச் சதுரப் பலகை இரண்டு வரும், ஒன்று உங்களுக்குப் போதும். 12 மில்லிமீற்றர் தடிப்பு எடுங்கள். 6 மில்லிமீற்றர் பலகை ஈரத்துணியின் இழுவைக்கு வளைந்துவிடும். பலகையைப் பொலித்தீனால் மூடுங்கள். வெளுக்காத காடாத் துணி 140க்கு 140 சென்ரிமீற்றர் வெட்டி, வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்து, ஈரமாக இருக்கும்போதே பலகைக்கு மேல் இழுத்து, பின்பக்கத்தில் ஸ்ரேப்பிள் அடியுங்கள். நடுவில் இருந்து மூலைக்கு. மூலையில் தொடங்கினால் துணி கோணலாகும்.

பசைக்குக் கடையில் கோர்ன்ஃப்ளவர் என்று விற்கும் சோள மா போதும். கோதுமை மா வேண்டாம், அதில் உள்ள பசையம் என்ற புரதம் பூச்சியை அழைக்கும். அரைக் கோப்பை மாவை இரண்டரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு நெருப்பில் விடாமல் கிண்டி 20 நிமிடம் காய்ச்சுங்கள். வெள்ளை நிறம் மாறி கண்ணாடி போல வர வேண்டும். ஆறியதும் துணியில் வடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, தூரிகையில் இருந்து வழுகி விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கொழும்புச் சூட்டில் இந்தப் பசை மறுநாளே புளித்துவிடும். அன்றன்று காய்ச்சுவதுதான் நல்லது.

பிறவுண் பேப்பரில் ஒரு பக்கம் மினுக்கமாக இருக்கும், மறுபக்கம் மங்கல். மங்கல் பக்கம்தான் மேலே வர வேண்டும். மினுக்கமான பக்கத்தில் வர்ணம் முத்து முத்தாக உருண்டு நிற்கும். புத்தகத்துக்கு உறை போடுகிற மெல்லிய தாள் வேண்டாம், ஒரு சதுர மீற்றருக்கு 120 கிராமாவது இருக்கட்டும். இரண்டு தாளை இணைக்க வேண்டிவந்தால் இரண்டிலும் நார் ஓடும் திசை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிகிற பக்கம்தான் நார் ஓடும் பக்கம். திசை மாறினால் ஒரு தாள் நீளவாட்டிலும் மற்றது அகலவாட்டிலும் விரிந்து பொருத்து பிளக்கும். ஒரு சென்ரிமீற்றர் மேல்பொருத்து வைத்து, அந்தப் பொருத்து கரும்புத் தண்டு ஒன்றின் கீழே வரும்படி திட்டமிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான இடம். தாளின் பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் சீராக நனைத்து, 5 முதல் 10 நிமிடம் சும்மா விடுங்கள். தாள் விரிந்து முடிய வேண்டும். உலர்ந்த தாளை ஈரப் பசையில் வைத்தால், வைத்த பிறகு அது விரியத் தொடங்கும். போக இடமில்லாமல் அலையாக எழும்பும். உங்கள் படத்தில் நடந்தது அநேகமாக இதுதான், அல்லது ஒட்டாமலே ஈரவர்ணம் பூசியிருக்கிறீர்கள், அதன் விளைவும் இதுவே. பசையைத் துணியில் பூசி, விரிந்த தாளை நடுவில் இறக்கி, உலர்ந்த அகலத் தூரிகையால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். குமிழ் வந்தால் ஊசியால் குத்தி அமர்த்தலாம். படுக்கையாக வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். ஐப்பசி மழையென்றால் மூன்று நாள். ஃபானை நேரே பிடிக்க வேண்டாம். ஓரம் முதலில் காய்ந்து கிளம்பிவிடும்.

காய்ந்த தாளில் 8க்கு 8 கட்டங்கள் போடுங்கள். ஒரு கட்டம் 15 சென்ரிமீற்றர் உயரம், 14.4 அகலம் வரும். கரித்துண்டால் முதலில் தண்டுகள், பிறகு பாதங்கள், கடைசியில் முகங்கள். முகத்தில் தொடங்குகிறவர்கள் நாலு தனி உருவங்களை வரைந்துவிட்டு இடையை இலையால் நிரப்புவார்கள். அது லாமின் படம் ஆகாது. மிதமிஞ்சிய கரித்தூளை மெல்லத் தட்டி உதிர்த்து, நிலைப்படுத்தும் தெளிப்பை ஒரே ஒரு மெல்லிய சுற்றில் அடியுங்கள். தெளிப்பு கூடினால் வர்ணம் பிடிக்காது.

வர்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும், தயிர்ப் பதத்தில் அல்ல. பொருக்காக உதிர்ந்தது தடிப்பாகப் போட்ட இடங்களில்தான் இருக்கும், சரிதானே? கூவாஷில் பிசின் குறைவு, நிறமணி அதிகம். தடித்த படை காயும்போது சுருங்கி வெடிக்கும், சுருட்டினால் உடையும். கடும் பச்சை, அல்ட்ராமரைன் நீலம், எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள் ஒவ்வொன்றிலும் 60 மில்லிலீற்றர் இந்த அளவுக்குத் தாராளம், செம்மஞ்சள் அதில் பாதி. கறுப்பு வாங்க வேண்டாம். நீலத்தோடு கருங்கபிலம் கலந்தால் உயிருள்ள இருட்டு வரும். வெள்ளையை நிறையக் கலந்தால் பிறவுண் பேப்பரில் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்குத் தாளின் நிறத்தையே விட்டுவையுங்கள். கூவாஷில் கடும் நிறங்கள் காய்ந்தால் வெளிறும், வெளிர் நிறங்கள் கொஞ்சம் கருக்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் அதே தாளின் துண்டொன்றில் பூசி, காய்ந்த பிறகு முடிவெடுங்கள். பாடசாலைப் போஸ்ரர் வர்ணத்தில் சுண்ணத்தூள் அதிகம், விரலில் ஒட்டும். மேல் படை போடும்போது கீழ்ப் படை கரைந்து சேறாகிறது என்றால் அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துப் பாவியுங்கள், அது காய்ந்தால் மறுபடி கரையாது.

ஒன்று சொல்ல வேண்டும். பிறவுண் பேப்பர் பயிற்சிக்குத்தான். வெளிச்சத்தில் அது கருத்து நொறுங்கும். விற்கப் போகிற படமென்றால் 300 கிராம் பருத்தித் தாளில், மெல்லிய அக்ரிலிக் காவியால் நிறம் ஏற்றி வரையுங்கள்.

கேள்வி: கடதாசியில் வரைந்த பழைய படங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் வந்திருக்கின்றன. ஈரத்துணியால் துடைக்கலாமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

துடைக்கவே வேண்டாம். அது பூஞ்சணம். ஈரத்துணி அதைத் தாளுக்குள் தேய்த்து ஏற்றும். முகக்கவசம் போட்டு, படத்தை வீட்டுக்கு வெளியே நிழலில் கொண்டுபோய், முதலில் நன்றாகக் காயவிடுங்கள். புள்ளிகள் தூளாகிய பிறகு மென்தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் திரும்ப வரும், கடலோரக் கொழும்பில் அது அதற்கு மேல்தான் இருக்கும். ஆகவே மழை படும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் பின் நாலு மூலையிலும் அரைச் சென்ரிமீற்றர் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப் போக விடுங்கள்.

கேள்வி: குதிரைத் தலைப் பெண் அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வருகிறாளே, யார் அவள்? (வாசகர், மட்டக்குளி)

சாந்தெரியா வழிபாட்டில் தெய்வம் பக்தர் மேல் இறங்கும்போது, அந்தப் பக்தரைத் தெய்வம் ஏறிவரும் குதிரை என்று சொல்வார்கள். கோயிலில் உரு வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1940களில் தொடங்கிய அந்த உருவத்தைக் கடைசி வரை அவர் விடவில்லை. கொம்பு முளைத்த சின்ன வட்டத் தலைகளும் அடிக்கடி வரும், அவை முச்சந்திக்குக் காவலான எலெகுவா என்ற தெய்வம். ஆனால் லாம் தீட்சை பெற்ற பக்தர் அல்ல. ஒவ்வொரு கொம்புக்கும் ஒரு தெய்வப் பெயர் தேடி அகராதி போடப் புறப்பட்டால் படம் கையைவிட்டுப் போய்விடும்.

கேள்வி: அந்த 1943இல் கொழும்பில் ஓவியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? (மாணவர், கொழும்பு 06)

நல்ல கேள்வி. லாம் ஹவானாவில் ‘காடு’ வரைந்து முடித்த அதே வருடம், ஓகஸ்ட் 29ஆம் திகதி, புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடி ’43 குழுவைத் தொடங்கினார்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ, றிச்சர்ட் கேப்ரியல் எல்லோரும் அதில் இருந்தார்கள். காலனி ஆட்சி கற்றுக்கொடுத்த பாடசாலை ஓவியத்தை விட்டு, பாரிஸின் நவீன வடிவத்தையும் உள்ளூர்க் கோயில் சித்திரத்தையும் ஒன்றாக எடுத்தார்கள். இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்ததாக எழுதிவிடாதீர்கள். ஒரே நெருக்கடிக்கு இரண்டு தீவுகளில் பிறந்த இரண்டு பதில்கள்.

லாமின் அசல் ஓவியம் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் கீற்றின் அசலைப் பார்க்கலாம். பொரளை கோதமி விகாரைச் சுவர்களை அவர் 1939, 1940இல் வரைந்தார். பார்ண்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸின் வீடு இப்போது சபுமல் மன்றம், குழுவின் படங்கள் அங்கே தொங்குகின்றன. கீற்றின் கோட்டைப் பார்த்துவிட்டு லாமின் அச்சுக்குத் திரும்பினால் ஒரு வித்தியாசம் உடனே பிடிபடும். கீற்றின் கோடு உடலைச் சுற்றி வளைத்து மூடுகிறது. லாமின் கோடு மூடாமல் அடுத்த உடலுக்குள் ஓடிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை வைத்தே நீங்கள் நல்ல ஒப்பீட்டுக் கட்டுரை எழுதலாம்.

கேள்வி: கரீபியனில் தமிழர்களும் இருந்தார்களே. லாம் அவர்களைப் பார்த்திருப்பாரா? (வாசகி, கொழும்பு 13)

மார்த்தினிக்கில் 1853 தொடக்கம் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பகுதி தமிழர். மாரியம்மன் வழிபாடு அங்கே இன்னும் இருக்கிறது. 1941இல் லாம் கால் வைத்த தீவு அது. ஆனால் அவர் படங்களில் தமிழரின் தடயம் என்று காட்ட ஒன்றும் இல்லை, வலிந்து இணைக்க வேண்டாம். இந்திய வம்சாவளியினர் நிறைந்த நாட்டு ஓவியரைத் தேடுகிறீர்கள் என்றால் கயானாவின் ஒப்ரி வில்லியம்ஸைப் பாருங்கள் (1926–1990). விவசாய அதிகாரியாக உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டு வராவ் பழங்குடியினரோடு இருந்தவர், பிறகு இலண்டனில் அரூப ஓவியம் வரைந்தவர். அவர் ஆபிரிக்க வம்சாவளியினர், ஆனாலும் அவர் நிறங்களில் உள்ள நெருப்பு உங்களைப் பிடிக்கும்.

கேள்வி: மிலானில் இருந்து வந்த உறவினர் ஒருவர் ‘லாம்’ என்று கையெழுத்துப் போட்ட அச்சுப்படம் ஒன்றைத் தந்தார். உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், கல்கிசை)

மிலான் என்பது பொருந்தக்கூடிய ஊர்தான். லாம் 1950களில் இருந்து வட இத்தாலியில் அல்பிசோலாவில் மட்பாண்டமும், 1960களில் இருந்து மிலானில் ஜோர்ஜியோ உப்பீலியோவின் பட்டறையில் அச்சோவியமும் செய்தார். அதனால் உண்மையானவையும் நிறைய, போலியும் உண்டு.

முதலில் 10 மடங்கு உருப்பெருக்கியை எடுங்கள். நிறப் பரப்பில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான பூ வடிவில் தெரிந்தால் அது ஓப்செற் அச்சு, அதாவது சுவரொட்டி அல்லது புத்தகத்தில் இருந்து வெட்டிய பக்கம். கல்லச்சு என்றால் புள்ளி ஒழுங்கில்லாமல் மணல் போலச் சிதறியிருக்கும். தகட்டில் அரித்து எடுத்த அச்சு என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் தாளில் பதிந்த பள்ளம் இருக்கும், விரலால் தடவினால் கோட்டில் மை மேடாகத் தட்டுப்படும். கல்லச்சில் அந்தப் பள்ளம் இராது, அதைக் காணவில்லை என்று போலி முடிவு செய்யாதீர்கள்.

கையெழுத்து பென்சிலில் படத்துக்கு வெளியே, பெரும்பாலும் கீழே வலது பக்கம் இருக்கும். இடது பக்கம் 34/99 போல ஓர் எண், அல்லது கலைஞர் பிரதி என்ற குறி. பென்சில் கோட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஈயம் மினுங்கும். மினுங்காமல் மற்ற மையோடு ஒரே படையாக இருந்தால் கையெழுத்தும் அச்சடிக்கப்பட்டது. படத்துக்குள்ளேயே உள்ள கையெழுத்து மட்டும் எதற்கும் சாட்சியாகாது.

இவ்வளவும் சரியென்றால் அச்சோவியங்களின் முழுப் பட்டியல் நூலில் அளவையும் பதிப்பு எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். ஓவியங்களுக்கு 1996இலும் 2002இலும் இரண்டு தொகுதிகள் வந்தன, அவற்றில் அச்சோவியத்தைத் தேடி ஏமாற வேண்டாம். கடைசி முடிவு பாரிஸில் அவருடைய குடும்பம் நடத்தும் காப்பகத்துடையது. அவர்களுக்கு அனுப்ப முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, எண், தாளின் நீர்க்குறி என்று ஐந்து படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பின்பக்கத்தை எடுக்கச் சட்டத்தைக் கழற்ற வேண்டிவரும். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்து அப்படியே கடதாசிப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.